மஞ்சள் வரவில்லை, சார்

சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது அவர் குனிந்துவிடுவார். மூக்குக் கண்ணாடியில் ஸ்பிரிட் விளக்கின் சுடர் இரண்டாகத் தெரியும். குழாயில் இருப்பது ஜிங்க் கார்பனேட், ஒரு வெள்ளைப் பொடி. சூடாக்கினால் மஞ்சளாகும். ஆறினால் மறுபடியும் வெள்ளையாகும். பிளஸ் டூவில் அறிவியல் படித்த எவருக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியாதா? வருடத்துக்கு நாற்பது ஐம்பது தடவை பார்க்கிறவர். இருந்தாலும் இந்தத் தடவை மட்டும் வராமல் போய்விடுமோ என்று பயப்படுகிறவர் போல, பக்கத்துப் பிள்ளைகளின் தலையோடு தன் தலையும் இடிக்கக் குனிந்து, "வருது... வருது... தோ, வந்துச்சு பாரு" என்பார். காலை ரயில் தாமதமாகிற நாட்களில், ஆரம்பாக்கம் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் தூரத்தில் விளக்கைப் பார்த்ததும் சொல்லும் குரல் அது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவரும் நானும் ஒன்பது ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். வேதியியலுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு அவருக்கு. நான் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். இப்போது ஓய்வுபெற்றுத் திருவள்ளூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பள்ளியில் பெண் ஆசிரியர்கள் பத்துப் பேர் இருந்தும், பிள்ளைகள் வெறுமனே 'மிஸ்' என்றால் அது அவர்தான். அது போதும்.

முதல் இரண்டு வருடம் அந்தக் குனிதலை நான் நடிப்பு என்றே நினைத்தேன். பிள்ளைகளைக் கவர்வதற்குச் சில ஆசிரியர்கள் செய்வதுதானே. ஒரு மாலை பள்ளி விட்ட பிறகு, மறந்துவிட்ட குடையை எடுக்க ஆய்வகத்துக்குத் திரும்பினேன். உள்ளே அவர் மட்டும் இருந்தார். எதிரே விளக்கு எரிந்தது. கையில் குழாய். ஒருவரும் இல்லாத அறையில் குனிந்து, சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய, வந்துச்சு என்றார். நான் குடையை எடுக்காமலே திரும்பிவிட்டேன். கூச்சமாக இருந்தது. இருபத்தைந்து வருடம் அதே பாடத்தை நடத்திய எனக்கு அப்படி ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை என்பது அந்த நிமிடம் தெரிந்தது. அன்றுதான் எனக்கு அவர்மேல் பொறாமை வந்திருக்க வேண்டும். அதற்கு அப்போது நான் வேறு பெயர் வைத்திருந்தேன், ஒழுங்கில்லாதவர் என்று.

ஒழுங்கு இல்லைதான். தொழிற்பேட்டைச் சாலையில் நடந்து வரும்போது கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார். உலைக்கசடு, துருச் செதில், கறுத்துப்போன செம்புக் கம்பி. விரல் நுனிகளில் சில்வர் நைட்ரேட் பட்ட கறுப்பு எப்போதும் இருக்கும். பிள்ளைகளும் அவரைப் பார்த்துக் கெட்டுப்போனார்கள். தகரத்துக்கு ஜிங்க் பூசும் கம்பெனியில் வேலை செய்பவரின் மகன் ஒருவன், அங்கே மிதக்கும் கசடை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தான். டீக்கடைக்காரர் மகள் பாய்லருக்குள் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். ஒருநாள் ஒரு பையனின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், உங்களால எங்க ஊட்ல ஒரே பேஜாரா கீது. ஒரு குண்டான் வுட்டு வெக்க மாட்றான். எல்லாத்தையும் கரண்டி வெச்சி சொரண்டிக்கினே கீறான்."

"சொரண்டினதுல இன்னாம்மா வந்துச்சு?"

"ஆங்?"

"ஆசிட் ஊத்திப் பாத்தானா? பொங்குச்சா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? "பொங்குச்சுன்னு தான் சொன்னான்," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "நொரை நொரையா வந்துதாம்."

"அப்ப அது சுண்ணாம்புதான். உங்க போர் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி. அவன் கரெக்டாதான் பாத்துகிறான்."

சண்டைக்கு வந்தவர், மகன் கரெக்டாகப் பார்த்திருக்கிறான் என்ற பெருமையோடு போனார்.

என் பெண்ணின் கல்யாணத்துக்கும் மிஸ் வந்தார். மாப்பிள்ளையை வரவேற்க ஆரத்தி கரைத்து வைத்திருந்தார்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். எல்லார் வீட்டிலும் தெரிந்த சங்கதி. சமையல்கட்டுப் பக்கம் போனவர், அங்கே ஓடி விளையாடிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அந்தத் தட்டில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டார். சிவப்பு போய் மஞ்சளாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? ஆரத்திய எட்த்துக்கினு வரச் சொன்னா சாம்பார வெச்சிக்கினு குந்திகினு கீறீங்க?"

"ரெண்டு நிமிஷம்மா. செவப்பாக்கிக் குடுத்துடறேன்." வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்துக் கரைத்தார். சிவந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அத்தை கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தபா மஞ்சளாவுமா?" என்றார்.

மாப்பிள்ளை வாசலில் கால்மணி நேரம் நின்றார். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

நான் மோசமான ஆசிரியன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபருக்குள் பாடத்தை முடிப்பேன். எந்தக் கேள்வி வரும், அதற்கு எத்தனை வரி எழுத வேண்டும் என்று சொல்லித் தருவேன். என் பிரிவில் தோற்பவர்கள் குறைவு. அவர் பிரிவில் பாடம் ஜனவரி வரை இழுக்கும். பிறகு காலை ஏழு மணிக்கு வகுப்பு வைத்து அரக்கப்பரக்க முடிப்பார். கூட்டத்தில் தலைமையாசிரியர், "மேடம், வித்தை காட்டறத நிறுத்திட்டு போர்ஷனை முடிங்க" என்றால், "சரிங்க சார்" என்பார். அடுத்த நாள் காலை மேசைமேல் ஒரு துருப்பிடித்த தாழ்ப்பாள் இருக்கும். தேர்ச்சிக் கணக்கில் என் பிரிவு எப்போதும் ஒரு படி மேல். ஆனால் பள்ளியை விட்டுப் போன பிறகும் வேதியியலைப் பற்றிக் கேட்க யாராவது வந்தால், அது அவர் பிரிவுப் பிள்ளையாக இருக்கும். என்னைப் பார்க்க வந்தவர்கள் சான்றிதழில் கையெழுத்துக்காக வந்தார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இதை எழுதுவதற்குக் காரணம்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லாமல் ஒரு உப்பைக் கொடுப்போம். சோதனைகள் செய்து அது என்ன உப்பு என்று அவர்களே கண்டுபிடித்து எழுத வேண்டும். நடைமுறை வேறு. தீப்பெட்டி கொடுக்கிற சாக்கில் ஆய்வக உதவியாளர் ஒவ்வொரு மேசையாகப் போய், "அஞ்சு, லெட்டு... ஆறு, ஜிங்க்கு" என்று இருக்கை எண்ணோடு உப்பின் பெயரை முணுமுணுத்துவிட்டுப் போவார். பட்டியலை அவருக்குக் கொடுப்பவன் நான். பிள்ளைகள் மனப்பாடம் செய்திருந்ததை எழுதுவார்கள். வெளிப் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார். அப்பா ஷிப்டிலும் அம்மா கம்பெனி கேண்டீனிலும் இருக்கும் பிள்ளைகள், இந்த மதிப்பெண்ணாவது முழுதாகக் கிடைக்கட்டும் என்பது எங்கள் நியாயம். அதில் பொய் மட்டும் இருந்தது என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

மிஸ் தன் பிரிவுக்கு அதைச் செய்யவிடவில்லை.

"பசங்க பொழப்பும்மா இது," என்றேன் ஒருமுறை.

"ரெண்டு வருஷமா கண்ணைத் தொறந்து பாரு, பாருன்னு சொல்லிக்கினு இருந்துட்டு, அன்னிக்கு ஒரு நாள் மூடிக்கோன்னு சொல்லச் சொல்றீங்களா சார்?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார். கடைசியில் ஆய்வகத்து அலமாரியை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மேல்தட்டுப் பாட்டில்கள் என் பிரிவுக்கு, கீழ்த்தட்டு அவருக்கு.

எஸ்தர் என் பிரிவுப் பெண். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். தாத்தா காலம் வரை நடவும் அறுப்பும்தான். அப்பா இரும்புக் கம்பி உருட்டும் ஆலைக்குப் போனார். நான் போர்டில் எழுதிப்போட்டதைப் படித்துவிட்டு ஒருநாள் வகுப்பில் எழுந்து, "ஏன் சார் சூட்டுல மட்டும் மஞ்சளாவுது?" என்று கேட்டாள். "அது சிலபஸ்ல இல்லைம்மா, உக்காரு" என்றேன். அவள் அதைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாள். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு மூன்றாம் நாள் ஆசிரியர் அறைக்கு வந்தார். பின்னாலேயே எஸ்தர்.

"சார், சூடாவும்போது அதுலேர்ந்து கொஞ்சம் ஆக்ஸிஜன் வெளிய பூடுது. ஆறினா திரும்பி ஊட்டுக்கு வந்துடுது. அவ்ளோதான். இத்தினி வருஷமா எனக்கே தெரியாது சார். இவ கேட்டதால தெரிஞ்சிக்கினேன்."

எல்லார் எதிரிலும் ஒரு மாணவியைக் காட்டி, எனக்குத் தெரியாது என்று சந்தோஷமாகச் சொல்ல அவரால் முடிந்தது. அன்றிலிருந்து எஸ்தர் சாப்பாட்டு மணியில் டிபன் பாக்ஸோடு ஆய்வகத்துக்குப் போய்விடுவாள். வேதியியல்தான் படிக்கப் போவதாக அவள் வீட்டில் சொன்னதும், அவள் அப்பா ஷிப்ட் முடிந்த கோலத்தில் பள்ளிக்கு வந்தார்.

"கெமிஸ்ட்ரி படிச்சா இன்னா வேலை டீச்சர் கெடைக்கும்? கம்பெனில ஆசிட் கேன் தூக்கறதா?"

"வேலை அப்புறம் வரும்பா. உம் பொண்ணுக்குப் பாக்கத் தெரியுது. நெறைய பேருக்குக் கண்ணு இருக்கும், பாக்க வராது."

அவர் மகளைப் பார்த்தார். "சரி. மெட்ராஸ் காலேஜுக்கு ஒரு தபா எழுதிப் போடு. கெடைச்சா போ" என்றார்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. ஆறாவது இருக்கையில் எஸ்தர். என் பட்டியல்படி அவளுக்கு ஜிங்க் கார்பனேட். அதே பாட்டிலிலிருந்து இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தேன். உதவியாளர் முணுமுணுத்துவிட்டுப் போனார். அரைமணி கழித்து எஸ்தர் கையைத் தூக்கினாள்.

"சார், மஞ்சள் வரல சார்."

"நல்லா சூடு பண்ணு."

சூடு பண்ணினாள். நான் இரண்டு கஜம் தள்ளி நின்றேன். "இன்னும் வரல சார்."

வெளித் தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவள் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "சொன்னதை எழுதும்மா" என்றேன். குனிந்து குழாயைப் பார்க்க எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும். பார்க்கவில்லை. அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். தாளை வாங்கியபோது அதில் மெக்னீசியம் கார்பனேட் என்றிருந்தது. பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மாலை நாலு மணிக்கு, மறுநாள் தன் பிரிவுக்காக இடத்தைச் சுத்தம் செய்ய மிஸ் வந்தார். தேர்வாளர் அடுத்த அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் தாள் என் மேசைமேல் இருந்தது. உறையை இன்னும் ஒட்டவில்லை. ஆறாவது இருக்கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் எரிந்த தாளின் சாம்பல் கிடந்தது. உப்புக் கரைசலோடு கோபால்ட் நைட்ரேட்டைச் சேர்த்து வடிதாளில் விட்டு எரிப்பது ஒரு சோதனை. சாம்பல் பச்சையாக வந்தால் ஜிங்க். இளஞ்சிவப்பாக வந்தால் மெக்னீசியம். அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"யாரு சார் இத பண்ணது? எவ்ளோ சுத்தமா பிங்க் வந்திருக்கு பாருங்க. எனக்கே இப்டி வந்ததில்ல."

"எஸ்தர்."

"மெக்னீசியம் குடுத்தீங்களா?"

"ஜிங்க்."

அவர் மேல்தட்டுப் பாட்டிலை எடுத்தார். ஒரு சிட்டிகை குழாயில் போட்டு விளக்கை ஏற்றிக் குனிந்தார். நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவர் பக்கத்தில் நான் குனிந்தது அந்த ஒரு தடவைதான். காத்திருந்தோம். அவர் வந்துச்சு என்று சொல்லவில்லை. கடைசி வரை அது வெள்ளையாகவே இருந்தது.

பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர் என் கையெழுத்தில் இருந்தது. எப்போதோ பழைய லேபிள் ஈரத்தில் உரிந்துபோய், நான்தான் புதிதாக எழுதி ஒட்டினேன். எத்தனை வருடமாக அதில் மெக்னீசியம் இருந்ததோ தெரியாது. அத்தனை வருடமும் என் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருடைய பதிவேட்டிலும் மஞ்சள் வந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"கவர் இன்னும் ஒட்டல இல்ல சார்?"

"இல்லை."

"அவருகிட்ட சொல்லிடலாம் சார். பாட்டில் தப்பா பூட்ச்சுன்னு. நீங்களா சொன்னீங்கன்னா கைத்தவறுன்னு முடிஞ்சிடும். நான் போய் சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

சொல்லியிருக்கலாம். ஆனால் எஸ்தருக்கு மதிப்பெண் கூடினால், அதே பாட்டிலிலிருந்து வாங்கி, மஞ்சள் வந்தது, சாம்பல் பச்சையாக வந்தது என்று எழுதிய மற்ற இருவரும் எதைப் பார்த்தார்கள் என்று தேர்வாளர் கேட்பார். அந்தப் பிள்ளைகளும் மாட்டுவார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஓய்வுக்கு ஒரே ஆண்டு இருந்தது. பாட்டிலில் என் கையெழுத்து இருந்தது. நான் பயந்தது எனக்காக.

நான் மெழுகுவத்தியை ஏற்றி, உறையை மூடி, அரக்கை உருக்கினேன். அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சரி சார். மார்க்கு போனா போவுது," என்றார். "ஆனா அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீ பாத்தது சரிதான்னு. இல்லன்னா தான் தப்பா பாத்துட்டோம்னு நெனைச்சிக்கினே இருப்பா. நான் சொன்னா உங்களக் குத்தம் சொன்ன மாதிரி ஆவும். நீங்க சொல்லுங்க."

"சொல்றேன்மா," என்றேன்.

தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு முடிவு வரட்டும் என்று. கோடையில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான பொதட்டூர்பேட்டைப் பக்கம் போய்விட்டார். விடைபெறும்போதும், "எஸ்தர்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல சார்?" என்றார். "சொல்லிட்டேன்" என்றேன். "எம்மேல கோவமா இருக்கா போல. கடைசி வரைக்கும் லேப் பக்கமே வரல," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை.

மதிப்பெண் பட்டியல் கொடுத்த நாளில் எஸ்தர் என் மேசைக்கு முன் வந்து நின்றாள். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் சென்னைக் கல்லூரி விண்ணப்பம் இருந்தது. வேதியியல் என்று நிரப்பியிருந்ததை நான் பார்த்தேன்.

"சார், பிராக்டிகல்ல எனக்குதான் தப்பா வந்துச்சா சார்?"

வரிசையில் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள்.

"அதெல்லாம் நடக்கறதுதான். விடும்மா," என்றேன்.

"அப்ப கெமிஸ்ட்ரி எடுக்கலாமா சார்?"

"உன் இஷ்டம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் வணிகவியல் எடுத்துப் பொன்னேரியில் சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மிஸ் பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் போன் செய்வார். சென்ற மாதம் பொங்கல் இல்லாத ஒரு நாளில் கூப்பிட்டார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்தானாம். பழைய பிள்ளைகள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வருகிறார்களாம்.

"சார், எஸ்தர்கிட்ட அன்னிக்கு நீங்க சொன்னப்ப அவ இன்னா சொன்னா? நான் கேக்கவே இல்ல பாருங்க."

"ரொம்ப சந்தோஷப்பட்டா," என்றேன்.

போனை வைத்தேன். அன்று சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பு உண்டோ என்னவோ. எழுபது வயதில், ஒரு காரணமும் இல்லாமல், அவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது எனக்கே பயமாக இருந்தது. எஸ்தரோடு படித்த ஒருவன் இங்கே மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கேட்டேன். கல்யாணமாகி அத்திப்பட்டில் இருக்கிறாள், கணவனுக்கு மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, அவள் ஒரு லாரி ஆபீஸில் கணக்கெழுதுகிறாள் என்று சொல்லி முகவரி கொடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் மாறி அத்திப்பட்டில் இறங்கினேன்.

"ஐயோ, சாரா? வாங்க சார், வாங்க. ஊடு போட்டது போட்டபடி கீது, பாக்காதீங்க." நாற்காலி மேலிருந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டாள். "நாஷ்டா ஆச்சா சார்?"

டீயைக் கையில் வாங்கிய பிறகு சொன்னேன். பாட்டிலை, என் கையெழுத்தை, சாம்பலை, அரக்கை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"அது மெக்னீசியமா சார்?"

"மெக்னீசியம்தான். நீ எழுதினதுதான் சரி."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி இருந்தாள். "நான் ரெண்டு தபா எரிச்சுப் பாத்தேன் சார். ரெண்டு தபாவும் பிங்க்தான் வந்துச்சு. நீங்க சொன்னத எழுதுன்னதும் டவுட் வந்துச்சு. பின்னாடி மார்க்கைப் பாத்ததும் நமக்குக் கலர் சரியாத் தெரியல போலன்னு நெனைச்சேன். புடவை எடுக்கப் போனாகூட இவரதான் சார் கலர் கேப்பேன்." சிரிக்கப் பார்த்தாள். "ஏன் சார் அப்பவே சொல்லல?"

"பயம்மா."

"இன்னா சார் பயம் உங்களுக்கு? நான்தானே சின்னப் பொண்ணு."

அவள் டீ டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். ஆறிப்போயிருந்தது.

"மிஸ்ஸுக்குத் தெரியுமா சார்? நான் சரியாதான் பண்ணேன்னு?"

"அன்னிக்கே தெரியும். உன் கிண்ணத்தை ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாங்க. எனக்கே இப்டி வந்ததில்லன்னு சொன்னாங்க."

"அப்டியா சொன்னாங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "அவங்க மூஞ்சில எப்டி முழிக்கறதுன்னுதான் சார் நான் லேப் பக்கமே போவல. அவ்ளோ சொல்லிக் குடுத்தாங்க, நான் தப்பா பண்ணிட்டேனேன்னு. ஒரு தபா திருத்தணி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். பஸ்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினேன்" என்றாள்.

இதை நான் யோசித்ததே இல்லை. மதிப்பெண், படிப்பு, வேலை என்று இத்தனை வருடமும் என் குற்றத்தை நான் அளந்து வைத்திருந்தேன். இவர்கள் இருவரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஆக்கி வைத்திருந்தது அந்த அளவில் சேரவே இல்லை.

"நம்பர் இருக்கா சார்?"

கொடுத்தேன். அங்கேயே, என் எதிரிலேயே, போட்டாள். "மிஸ், எஸ்தர் மிஸ். ஆரம்பாக்கம் எஸ்தர்." அந்தப் பக்கத்துக் குரல் உயர்ந்தது என் நாற்காலி வரை கேட்டது. சொற்கள் பிடிபடவில்லை. எஸ்தர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல மிஸ், கோவமெல்லாம் இல்ல. எனக்கு இப்பதான் தெரியும். சார் ஊட்டுக்கு வந்துகிறாரு. இப்பதான் சொன்னாரு."

எஸ்தர் போனை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்ட பேசணுமாம் சார்."

"சார்," என்றார் அவர்.

"அன்னிக்கு சொல்லலைம்மா. சொல்லிட்டேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். போன மாசம் சொன்னதும் பொய்."

எங்கோ குக்கர் விசிலடித்தது. பன்னிரண்டு வருடம் என்னை நம்பியவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"போன அவகிட்ட குடுங்க சார்," என்றார்.

கொடுத்தேன். அவர் ஏதோ கேட்டார். எஸ்தர், "சாம்பலா மிஸ்? பெரிய கலர்லாம் இல்ல, லைட்டாதான். ஆனா நடுவுல நல்லாத் தெரிஞ்சிது" என்றாள். பிறகு அவர்கள் நெடுநேரம் பேசினார்கள். நான் போகலாம் என்று எழுந்து செருப்பைத் தேடினேன். எஸ்தர் பேச்சை நிறுத்தாமலே, உட்காருங்க என்று கையால் காட்டினாள். உட்கார்ந்தேன்.